விஸ்கான்சின் பொதுக் காட்டில் பெரிய ஆண் மான் படுக்கும் இடத்தைத் தேடுவது: புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

மேடிசன், மில்வாக்கி பக்கம் வேலைக்கு வந்து, பக்கத்து வீட்டுக்காரர் நவம்பரில் ஆரஞ்சுச் சட்டை போட்டுக் கிளம்புவதைப் பார்த்து, நாமும் ஒரு தடவை போனால் என்ன என்று நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஊரில் மானைத் தொட்டால் ஜெயில். இங்கே முறைப்படி லைசென்ஸ் எடுத்தால் யாரும் தடுக்க மாட்டார்கள். ஆனால் விவரம் கேட்கப் போனால் முதல் கேள்வியே "உங்களுக்கு நிலம் இருக்கா?" என்பதுதான். நிலம் இல்லாதவர்களுக்குப் பொது நிலம் இருக்கிறது. அங்கே வெள்ளைவால் மானுக்கும் பஞ்சமில்லை.

ஆனால் பெரிய ஆண் மான் என்பது வேறு கதை. மே, ஜூனில் பிறக்கும் குட்டிகள் என்பதால் நவம்பரில் வயதை மூன்றரை, நாலரை என்றுதான் சொல்வார்கள். அந்த வயது வரை ஒரு கொம்பன் பொதுக் காட்டில் பிழைத்திருக்கிறது என்றால், பகல் முழுக்க ஆள் நடமாட்டமில்லாத ஏதோ ஒரு மூலையில் படுத்துக் கிடக்கிறது என்று அர்த்தம். அந்த மூலையைக் கண்டுபிடித்தால் பாதி வேலை முடிந்தது. கீழே சொல்வதெல்லாம் அதற்கான வழிதான். சுடுவது, அறுப்பது, சமைப்பது எதுவும் இதில் கிடையாது.

1. முதலில் காகித வேலை

காட்டில் நடந்து மான் தடம் பார்க்க லைசென்ஸ் தேவையில்லை. இருந்தாலும் இதை முதலிலேயே முடித்துவிடுங்கள். ஆகஸ்டில் ஆரம்பித்தால் பயிற்சி வகுப்பில் இடம் கிடைக்காமல் சீசன் போய்விடும்.

1973 ஜனவரி 1 அல்லது அதற்குப் பிறகு பிறந்தவர்கள் வேட்டைப் பாதுகாப்புப் பயிற்சி முடித்த சான்றிதழ் இல்லாமல் இங்கே வழக்கமான லைசென்ஸ் வாங்க முடியாது. ஆசிரியர் வைத்து நடத்தும் வகுப்புக்கு 10 டாலர். பெரியவர்கள் ஆன்லைனிலேயே முடிக்கவும் வழி உண்டு, கட்டணம் அதைவிடக் கூடுதல். நேரில் போகும் வகுப்பையே நான் சொல்வேன். துப்பாக்கியைக் கையில் பிடித்தே பழகாதவர்கள் நாம். அங்கே வேலியை எப்படித் தாண்டுவது என்பது வரைக்கும் செய்து காட்டுவார்கள்.

அடுத்து, மாநில இயற்கை வளத் துறையின், அதாவது டிஎன்ஆரின், 'கோ வைல்ட்' தளத்தில் கணக்குத் திறந்தால் ஒரு கஸ்டமர் எண் கிடைக்கும். சோஷியல் செக்யூரிட்டி எண் கேட்பார்கள். எச்-4ல் (எச்-1பி வைத்திருப்பவரின் குடும்பத்தாருக்கான விசா) இருந்து அந்த எண் இல்லாதவர்கள் துறையின் உதவி எண்ணைக் கூப்பிட்டுக் கேளுங்கள். தொடர்ந்து 30 நாள் இந்த மாநிலத்தில் குடியிருந்தால் உள்ளூர்வாசிக் கட்டணம்தான். துப்பாக்கி மான் லைசென்ஸ் 24 டாலர், வில்லுக்கும் அதே 24. உள்ளூர்வாசி முதல் தடவை வாங்கினால் 5 டாலர்தான். வெளிமாநிலத்துக்காரர்கள் பல மடங்கு கட்ட வேண்டும். குடியிருப்புக்குச் சான்று கேட்டால் காட்ட வாடகை ஒப்பந்தத்தை ஃபோனில் வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது முக்கியமான விஷயம், விசா. எச்-1பி, எல்-1, எஃப்-1 போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்க மத்திய அரசின் சட்டப்படி தடை உண்டு. அதற்கு ஒரு விலக்கும் அதே சட்டத்தில் உண்டு: அமெரிக்க மாநிலம் ஒன்று கொடுத்த, காலாவதியாகாத வேட்டை லைசென்ஸ் கையில் இருந்தால் வைத்திருக்கலாம். மீன்பிடி லைசென்ஸ் இதற்குச் செல்லாது. 'வைத்திருப்பது' என்றால் சொந்தமாக வாங்குவது மட்டுமல்ல. நண்பருடைய துப்பாக்கியைச் சுடும் மைதானத்தில் கையில் எடுப்பதும் அதில் அடங்கும். அதனால் லைசென்ஸ் முதலில், துப்பாக்கியைத் தொடுவது அப்புறம். விஸ்கான்சின் லைசென்ஸ் மார்ச் 31ஆம் தேதியோடு முடிந்துவிடும். பீரோவில் துப்பாக்கி இருக்கிறது, லைசென்ஸ் முடிந்துவிட்டது என்ற நிலை ஒரு நாள்கூட வரக் கூடாது. கிரீன் கார்டு உள்ளவர்களுக்கு இந்தத் தடை கிடையாது. வில்லுக்கும் குறுக்கு வில்லுக்கும் இந்தச் சட்டம் பொருந்தாது. விசாவில் இருப்பவர்கள் பலர் வில்லோடு ஆரம்பிப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

நான் போன ஒரு கடையில் எச்-1பி என்று சொன்னதுமே "உங்களுக்கு விற்க முடியாது" என்று அனுப்பிவிட்டார்கள். இன்னொரு கடையில் வேட்டை லைசென்ஸ், ஐ-94 எண் (நாட்டுக்குள் வந்ததற்கான பதிவு எண்), முகவரி உள்ள அடையாள அட்டை மூன்றையும் பார்த்துவிட்டுப் படிவத்தை நீட்டினார்கள். விலக்கு இருப்பது எல்லாக் கடைக்காரர்களுக்கும் தெரிந்திருக்காது. கிரீன் கார்டு விண்ணப்பம் நடுவில் இருப்பவர்கள் ஒரு குடிவரவு வக்கீலிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டால் இன்னும் நிம்மதி.

2. எந்த நிலத்தில் கால் வைக்கலாம்

மாநில வனவிலங்குப் பகுதிகள், மாநிலக் காடுகள், கவுண்டிக் காடுகள், வடக்கே ஷிவாமெகன்-நிகோலெட் தேசியக் காடு என்று பொது நிலம் பல வகை. மேடிசன்காரர்களுக்கு வசதியானது கீழ் விஸ்கான்சின் ஆற்றங்கரை. பிரேரி டு சாக் அணையில் தொடங்கி மிசிசிப்பியில் ஆறு கலக்கும் இடம் வரை 92 மைல் நீளம். அதைச் சுற்றியுள்ள தென்மேற்கு மாவட்டங்கள் பனியாறுகள் தேய்க்காமல் விட்ட பகுதி என்பதால் மேடும் பள்ளமுமாக இருக்கும். அங்கேதான் ஆரம்பிக்கச் சொல்வேன். மேடு பள்ளம் இருந்தால் மான் எங்கே படுக்கும் என்பதை வரைபடத்திலேயே ஓரளவு ஊகிக்கலாம்.

இதோடு தனியார் காடுகளும் உண்டு. வரிச் சலுகைக்காக 'எம்எஃப்எல்' திட்டத்தில் சேர்ந்து, பொதுமக்களுக்குத் திறந்திருப்பதாகப் பதிவு செய்தவை. வேட்டை, மீன்பிடிப்பு, நடை, வேடிக்கை பார்ப்பது, பனிச்சறுக்கு நடை ஆகியவற்றுக்கு மட்டும் அனுமதி. வண்டி கூடாது. கேமரா கட்டுவதும் கூடாது என்றே வைத்துக்கொள்ளுங்கள். யாரும் அதிகம் எட்டிப் பார்க்காத இடங்கள் இவை. பெரிய மான் தேடுபவர்கள் இவற்றை விட்டுவிடக் கூடாது.

பொறி எங்கே என்றால் எல்லையில். விஸ்கான்சினில் "உள்ளே வராதே" பலகை இல்லாவிட்டாலும் அடுத்தவர் நிலம் அடுத்தவர் நிலம்தான். அனுமதியில்லாமல் நுழைந்தால் 1,000 டாலர் வரை அபராதம். பொது நிலத்துக்கு நடுவே தனியார் துண்டுகள் கிடக்கும், வேலி இருக்காது. எல்லை காட்டும் வரைபடச் செயலி ஒன்று கட்டாயம் வேண்டும். ஆன்எக்ஸ் செயலி ஒரு மாநிலத்துக்கு வருடம் 35 டாலர் அளவில் கிடைக்கிறது. டிஎன்ஆர் தளத்தில் பொது நில வரைபடங்கள் இலவசம். சிக்னல் போய்விடும் என்பதால் கிளம்பும் முன் அன்றைய பகுதியை ஃபோனில் இறக்கிவைத்துக்கொள்ளுங்கள்.

3. எப்போது போவது

ஜனவரி கடைசியிலிருந்து ஏப்ரல் நடு வரை. இதைத் தவிர மற்ற மாதங்களில் நீங்கள் நடப்பது மானுக்குத்தான் லாபம்.

வில் சீசன் ஜனவரி தொடக்கம் வரை இழுக்கும். அது முடிந்த பிறகு மானைக் கலைத்துவிட்டாலும் நஷ்டமில்லை. திரும்பி வந்து பழையபடி வாழ அதற்கு எட்டு மாதம் இருக்கிறது. பனி உருகியதும் போன இலையுதிர் காலத்துத் தடங்கள் எல்லாம் அப்படியே வெளியே தெரியும்: கொம்பால் உரசித் தோலுரித்த மரம், குளம்பால் பறித்த மண், தேய்ந்த ஒற்றையடித் தடம். இலை துளிர்த்துவிட்டால் பத்தடிக்கு அந்தப் பக்கம் இருப்பது தெரியாது. உண்ணிகளும் கிளம்பிவிடும். உண்ணி கடித்து வரும் லைம் நோய் இந்த மாநிலத்தில் சாதாரணம். பனி போன நாளிலிருந்து பெர்மெத்ரின் என்ற உண்ணிக்கொல்லி மருந்து தெளித்த கால்சட்டையைத்தான் போட வேண்டும். வீட்டுக்கு வந்ததும் முழங்கால் மடிப்பு, இடுப்பு, காதுக்குப் பின்னால் தடவிப் பாருங்கள்.

பிப்ரவரிப் பனியில் இன்னொரு குழப்பமும் உண்டு. அப்போது பார்க்கும் படுக்கை குளிர்காலப் படுக்கை. வெயில் விழும் தெற்குச் சரிவிலும் ஊசியிலை மரங்களுக்கு அடியிலும் மான்கள் கூட்டமாகக் கிடக்கும். அக்டோபரில் அதே மான் அங்கே இருக்காது. பக்கத்தில் போன இலையுதிர் காலத்தின் மர உரசல் இருந்தால்தான் அந்த இடத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். ஏப்ரல் நடுவில் வான்கோழி சீசன் தொடங்கும். அதற்குப் பிறகு போனால் ஆரஞ்சுத் தொப்பி இல்லாமல் இறங்காதீர்கள்.

4. வீட்டில் உட்கார்ந்து வரைபடம் பார்ப்பது

ஒரு நாள் நடைக்கு ஒரு மாலை முழுக்க வரைபடம் பார்க்கலாம், தப்பில்லை. வாகனம் நிறுத்தும் இடங்களை முதலில் குறியுங்கள். அங்கிருந்து போகும் பழைய மரம் ஏற்றும் பாதைகள், அகலமான நடைபாதைகள் எல்லாம் மற்றவர்கள் போகும் வழி. அவற்றை விட்டு விலகி, போக எரிச்சலாக இருக்கும் இடங்களைப் பாருங்கள்: முழங்கால் தண்ணீர் கடக்க வேண்டிய ஓடைக்கு அந்தப் பக்கம், மரம் வெட்டி ஐந்தாறு வருடமாகி முள்ளும் புதருமாக மண்டிய திட்டு, செங்குத்துச் சரிவு.

கடைசியில் வாகனம் நிறுத்தும் இடத்துக்குப் பின்பக்கத்தையும் பாருங்கள். எல்லாரும் வண்டியைப் பூட்டிவிட்டு ஒரு மைல் உள்ளே நடப்பார்கள். சாலைக்கும் வயலுக்கும் நடுவே இருக்கும் இரண்டு ஏக்கர் புதரை யாரும் சீண்டுவதில்லை. வண்டி நிற்பது, கதவு சாத்துவது, ஆள் எந்தப் பக்கம் போகிறான் என்பது எல்லாவற்றையும் அங்கே படுத்தபடியே பார்த்துக்கொண்டிருக்கும் மான்கள் உண்டு.

5. மலைக் காட்டில் தேடுவது

இந்தப் பகுதியை நிதானமாகப் படியுங்கள், மற்றதெல்லாம் இதைச் சுற்றித்தான்.

முகட்டிலிருந்து பள்ளத்தை நோக்கி மூக்கு மாதிரி நீண்டு இறங்கும் கிளை மேடுகளை சம உயரக் கோடுகளில் தேடுங்கள். சரிவை மேலிருந்து கீழாக மூன்று பங்காகப் பிரித்தால், மேல் பங்கு முடியும் இடம், அதுவும் அந்த மூக்கின் நுனி, ஆண் மான் விரும்பும் இடம். காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறதோ அதற்கு எதிர்ப்பக்கச் சரிவில், காற்று மறைவில் படுக்கும். முகட்டைத் தாண்டி வரும் காற்று முதுகுப் பக்கமிருந்து வரும். பின்னால் வருகிறவனை மூக்கு பார்த்துக்கொள்ளும், முன்னால் வருகிறவனைக் கண் பார்த்துக்கொள்ளும். வெயில் ஏறியதும் பள்ளத்துக் காற்று சூடாகி மேலே எழும், அதோடு கீழே நடப்பவனின் வாடையும் வந்து சேரும். மேலிருந்தும் கீழிருந்தும் வாடை வந்து சேரும் அந்தக் கோட்டில்தான் படுக்கை.

இங்கே இலையுதிர் காலத்தில் மேற்கு, வடமேற்குக் காற்று அதிகம். அதனால் கிழக்கும் தென்கிழக்கும் பார்த்த மூக்குகளை முதலில் சுற்றுங்கள். தெற்குக் காற்று அடிக்கும் வெதுவெதுப்பான நாளில் அதே மான் மேட்டின் வடக்குப் பக்கம் மாறிவிடும். ஒரு மானுக்கு ஒரு படுக்கை என்று கணக்குப் போடாதீர்கள். ஒவ்வொரு படுக்கையையும் செயலியில் குறிக்கும்போது அது எந்தக் காற்றுக்கு என்பதையும் சேர்த்து எழுதுங்கள். காற்றின் திசை எழுதாத குறி அக்டோபரில் எதற்கும் உதவாது.

காற்று சரிவில் எப்படி வளைகிறது என்று பார்க்க மில்க்வீட் காய் ஒன்றைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். நம்மூர் எருக்கம்பஞ்சு மாதிரியே, ஒரு இழையை விட்டால் நூறடி தூரம் வரை கண்ணுக்குத் தெரியும்படி மிதந்து போகும். முகட்டில் ஒரு பக்கம் போகிற பஞ்சு, இருபதடி கீழே சுழன்று திரும்பி வருவதைப் பார்த்தால் ஃபோனில் காட்டும் காற்றுத் திசையை நம்பி உட்காரக் கூடாது என்பது புரிந்துவிடும்.

6. சதுப்பில் தேடுவது

சமதளத்தில் மேடு கிடையாது, அதனால் ஒரு அடி உயரமும் பெரிய விஷயம். சம்பங்கோரைக்கு நடுவே தனியாக நிற்கும் ஒரு மரம், வில்லோப் புதர்த் திட்டு, டமராக் என்ற சதுப்பு ஊசியிலை மரங்கள் கோரைக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் முனை ஆகியவற்றை விண்படத்தில் நிற மாற்றத்தை வைத்தே கண்டுபிடிக்கலாம். கோரையும் புதரும் சந்திக்கும் விளிம்பில் நடந்தால் தடம் கிடைக்கும். அந்தத் தடம் தண்ணீருக்குள் இறங்கினாலும் விடாதீர்கள், அது உலர்ந்த ஒரு மெத்தை அளவு இடத்தில் போய் முடியும்.

சதுப்பு உறைந்திருக்கும் பிப்ரவரி இதற்கு வசதி. ஆனால் ஓடும் தண்ணீர் மேல் பனிக்கட்டி மெல்லியது. வாய்க்கால்கள் பக்கம் கைத்தடியால் தட்டிப் பார்க்காமல் கால் வைக்காதீர்கள். தனியாகப் போகாமல் இருப்பதே நல்லது. அப்புறம், மழை அதிகமான வருடத்தில் மூழ்கும் திட்டு வறண்ட வருடத்தில் படுக்கையாக இருக்கும். ஒரு வருடம் பார்த்ததை வைத்து முடிவு கட்ட முடியாது. ஹோரிகான் சதுப்பு போன்ற இடங்களில் ஒரு பங்கு மாநிலத்துடையது, மீதி மத்திய அரசின் சரணாலயம். விதிகள் வேறு வேறு, எல்லையைப் பார்த்து நடங்கள்.

7. இது ஆண் மான் படுக்கைதானா?

படுக்கை என்பது இலை அமுங்கிய நீள்வட்டக் குழி. பெரிய ஆண் மானுடையது மூன்றேகால் அடிக்கு மேல் நீளமாக இருக்கும். பக்கத்தில் சின்னதும் பெரிதுமாக மூன்று நான்கு குழிகள் இருந்தால் அது தாயும் குட்டிகளும், விட்டுவிட்டு நடங்கள். ஆண் மான் தனியாகப் படுக்கும். முதுகுக்கு விழுந்த மரமோ வேர்க்கட்டியோ அணைவாக இருக்கும். மண்டியிட்டுக் குழிக்குள் கையை விட்டு இலையைக் கிளறிப் பாருங்கள். நுனி கறுத்த, மொரமொரப்பான சாம்பல் முடிகளும் வயிற்றுப் பக்கத்து வெள்ளை முடிகளும் ஒட்டியிருக்கும். பழைய இலைக்கு அடியிலும் முடி இருந்தால் வருடக்கணக்காகப் பயன்படும் இடம்.

பிறகு அந்தக் குழியிலேயே உட்காருங்கள். மான் தலை உயரத்துக்குக் குனிந்து அது பார்க்கும் பக்கம் பாருங்கள். நீங்கள் ஏறி வந்த பாதை முழுக்க அங்கிருந்து தெரிந்தால், சீசனில் அந்த வழியாக வரக் கூடாது என்பது உட்கார்ந்த இடத்திலேயே தெரிந்துவிடும்.

படுக்கையிலிருந்து நூறு கெஜத்துக்குள் தொடை கனத்தில் உரசிய மரம் இருந்தால் நம்பிக்கை வைக்கலாம். சின்ன மரத்தைப் பெரிய மானும் உரசும். ஆனால் தடித்த மரத்தைக் குட்டிக் கொம்பன் அவ்வளவாகத் தொடாது. உரசல் எந்தப் பக்கத்தில் இருக்கிறதோ அந்தப் பக்கமிருந்து மான் வந்தது என்று பொருள். படுக்கையைப் பார்த்த பக்கம் உரசியிருந்தால் மாலையில் அது வெளியே கிளம்பும் வழி. உதிர்ந்த கொம்பு கிடைத்தால் எடுத்துக்கொள்ளலாம். மண்டையோட்டோடு சேர்ந்த கொம்பு கிடைத்தால் தொடாமல் டிஎன்ஆரின் வார்டனை, அதாவது வேட்டைச் சட்ட அதிகாரியை, கூப்பிட்டு அனுமதி வாங்குங்கள்.

8. மரத்தைத் தேர்ந்தெடுப்பது

படுக்கையிலிருந்து வெளியே வரும் தடத்தில் முதல் ஓக் கொட்டை மரத்துக்கோ வயலுக்கோ முன்னால், இருட்டுவதற்குள் மான் வந்து சேரும் தூரத்தில் மரம் பாருங்கள். மலையில் நூறு, நூற்றைம்பது கெஜம். சதுப்பில் இன்னும் கிட்டே போக வேண்டியிருக்கும். மானுக்குக் கேட்காமல், தெரியாமல், வாடை போகாமல் அந்த மரத்துக்கு வர வழி இல்லையென்றால் வேறு மரம்தான். மாலையில் குளிர்ந்த காற்று பள்ளத்துக்கு இறங்கும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

டிஎன்ஆர் நிலத்தில் மரத்தில் ஆணி அடிப்பதும் திருகு படி ஏற்றுவதும் கிளை வெட்டிச் சுடும் சந்து உண்டாக்குவதும் கூடாது. கேமரா கட்டினால் கஸ்டமர் எண்ணோ பெயர் முகவரியோ எழுதி ஒட்ட வேண்டும். மரத்தில் ஏற்றும் இருக்கையைத் தெற்குப் பகுதியில் அன்றன்றே இறக்கிக் கொண்டுபோக வேண்டும்.

9. செலவு

பயிற்சி 10, லைசென்ஸ் 24 அல்லது 5, செயலி 35, முழங்கால் வரை வரும் ரப்பர் பூட்ஸ் 100 சொச்சம், பெர்மெத்ரின் ஒரு பாட்டில் 15 அளவில், மீதி பெட்ரோல். தேடுவதற்கு இவ்வளவுதான். வாசனை போக்கும் சோப்பு, மான் மூத்திர பாட்டில் வகையறாவில் பணம் போடாதீர்கள். கட்டணங்கள் மாறும், கட்டும் முன் துறையின் தளத்தில் ஒரு தடவை பாருங்கள்.

வாகனம் நிறுத்தும் இடத்தில் உள்ளூர்க்காரர்கள் பேச்சுக் கொடுப்பார்கள், நன்றாகவே பேசுவார்கள். அவர்களுடைய இடத்தை மட்டும் கேட்காதீர்கள். உங்களுடையதையும் சொல்லாதீர்கள்.

10. சீசன் வந்த பிறகு

வில் சீசன் செப்டம்பர் நடுவில் தொடங்கும். ஒன்பது நாள் துப்பாக்கி சீசன் தாங்க்ஸ்கிவிங்குக்கு (நவம்பர் நாலாவது வியாழன்) முந்தைய சனிக்கிழமை தொடங்கும். துப்பாக்கி சீசன் எது நடந்தாலும் அன்று வில்லோடு போனாலும், இடுப்புக்கு மேல் பாதிக்குக் குறையாமல் பளிச்சென்ற ஆரஞ்சோ பிங்க்கோ போட்டாக வேண்டும்.

படுக்கைப் பக்கம் சும்மா பார்த்துவிட்டு வரலாம் என்று போகாதீர்கள். குறித்துவைத்த காற்று அடிக்கும் நாளில் நேராக அந்த மரத்துக்குப் போங்கள், மற்ற நாளில் வேறு இடம். நவம்பர் முதல் இரண்டு வாரம் இணை தேடும் காலம். அப்போது ஆண் மான் சொந்தப் படுக்கையில் தங்காது, பெட்டை மான்கள் படுக்கும் இடங்களின் காற்று மறைவுப் பக்கம் சுற்றும். நடந்து திரிந்தபோது விட்டுவிட்டு வந்த அந்தக் கூட்டப் படுக்கைகளையும் ஒரு குறி போட்டு வைத்திருந்தால் அந்த வாரங்களில் கைகொடுக்கும். போகும் வழியில் மான் எழுந்து ஓடிவிட்டால் துரத்த வேண்டாம். அது எழுந்த இடத்தையும் அன்றைய காற்றையும் குறித்துக்கொண்டு திரும்புங்கள். சில நாள் கழித்து அதே காற்று வரும்போது, வேறு வழியாக, விடிவதற்கு வெகு முன்பே போய் உட்காருங்கள்.